சாவிய எடுத்தப்புறம் வர்ற சத்தம்

...ஓடும்போது இல்ல சார், ஓடும்போது இல்ல! அங்கதான் எல்லாரும் கோட்ட விடறாங்க. ஓடும்போது நம்ம கார் பூனைக்குட்டி சார். ஒரு முனகல் கிடையாது. நிறுத்தி, சாவிய எடுத்து, 'அப்பாடா'ன்னு மூச்சு விடும்போதுதான் அதுக்குப் பேச்சே வரும். டிக்... டிக்... டிக்டிக்... அப்புறம் முன்னாடி எங்கியோ 'உர்ர்ர்'னு ஒரு உறுமல். அப்புறம் யாரோ சொம்புல தண்ணி குடிக்கிற மாதிரி 'களக் களக்'. கடைசியா ஒரே ஒரு 'க்ளிக்'. அவ்ளோதான், தூங்கிடும். அணைச்ச வண்டிக்கு இவ்ளோ பேச்சு எதுக்குங்கறேன்?

உக்காருங்க சார், எங்க எழுந்துக்கறீங்க? உங்க முறை வர இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு. அதோ தகரக் கொட்டாய் ஓரமா நிக்குதே வெள்ளை வண்டி, அதானே உங்களுது? என்ன கோளாறு?... முன்பக்க விளக்கா! அடடா. கொடுத்து வெச்சவரு சார் நீங்க. எரியல, மாத்தினா எரியும். இப்படி ஒரு கோளாறு கிடைக்கணும்னா புண்ணியம் பண்ணியிருக்கணும். எனக்கு அமைஞ்சது பாருங்க, டாக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் காணாமப் போற வயித்துவலி மாதிரி.

இது மூணாவது மெக்கானிக் கடை. மொத கடைக்காரரு பெரிய ஞானி. வண்டியத் தொடவே இல்ல. கையக் கட்டிக்கிட்டு தள்ளி நின்னு, "சூடான இரும்பு ஆறுது சார். ஆறினா சுருங்கும். சுருங்கினா டிக் டிக்னு கேக்கும். எல்லா வண்டியும் பண்ணும்"னாரு. எல்லா வண்டியும் பண்ணுமாம்! அப்ப எங்க எதிர்வீட்டு வண்டி ஏன் பண்ணலேன்னு பிடிச்சேன் ஒரு பிடி. மனுஷன் ஆடிப் போயிட்டாரு. எதிர்வீட்டுக்காரரு வண்டிய வெளியவே எடுக்கறதில்ல, உறை போட்டு மூடி வெச்சிருக்காருங்கறது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அது வேற விஷயம். சரிங்க, அந்த உறுமல்? "அது ஃபேன். சூடு குறையற வரைக்கும் தானா ஓடிட்டு நின்னுடும்." களக் களக்? "தண்ணி." அந்த க்ளிக்? "ஃபேன் நின்னுதுல்ல, அது." எல்லாத்துக்கும் ஒரு பேர் வெச்சிருக்காரு சார். பேர் வெச்சுட்டா வியாதி போயிடுமா?

ரெண்டாவது கடைக்காரரு நேர் எதிர். எதையாவது கழட்டலேன்னா அவருக்குத் தூக்கம் வராது. ஃபேன மாத்தினாரு. ஃபேனுக்குப் போற ஒயர மாத்தினாரு. ஒயருக்குப் பக்கத்துல சும்மா இருந்த எதையோ மாத்தினாரு. வண்டிய வாங்கிட்டு வந்து பாத்தா ஹார்ன் சத்தம் மாறியிருக்கு. ஹார்னப் பத்தி நான் வாயே திறக்கல சார்! முன்ன கம்பீரமா இருக்கும், இப்ப ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது. டிக் டிக் மட்டும் அப்படியே இருக்கு. அதுக்கு ஒரு சேதாரமும் இல்ல.

இப்ப இந்தத் தம்பி. இவரு இன்னொரு ரகம். காலைல வந்து என்ன ஏதுன்னு நான் விவரமா சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு போல்ட்ட எடுத்து வாய்ல கடிச்சுக்கிட்டாரு. நான் அந்த களக் களக் வரைக்கும் வந்தேன், இன்னொரு போல்ட்ட எடுத்து அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டாரு. அதுலேருந்து எது கேட்டாலும் 'ம்'. என்ன ஒரு தொழில் பக்தி!

சத்தத்த போன்ல பதிவு பண்ணிட்டு வாங்கன்னு ரெண்டாவது கடைக்காரரு ஒரு தடவ சொல்லியிருந்தாரு. பண்ணினேன் சார். வண்டிய நிறுத்தி, மூடியத் தூக்கி, போன உள்ள வரைக்கும் நீட்டி, சிரத்தையா பண்ணினேன். இருங்க, போட்டுக் காட்டறேன்... கேக்குதா? "இப்ப வரும் பாருங்க... இப்ப வரும்... இதோ இந்தப் பக்கத்துலேருந்துதான் வரும்... நேத்து நல்லா கேட்டுச்சு, நேத்து என்ன ஆச்சுன்னா..." அது நான்தான். சத்தம் எங்கியா? வரும், வரும். கொஞ்சம் தள்ளி விடறேன்... "நான் மொத கடைக்காரர்கிட்ட சொன்னேன், எதிர்வீட்டு வண்டி ஏன்..." இதுவும் நான்தான். முழுக்கப் போட்டுப் பாத்தேன் சார். கடைசி வரைக்கும் நான்தான் இருக்கேன். அந்தக் கடைக்காரரு கேட்டுட்டு, "சார், வண்டி பேசவே இல்லியே"ன்னு என்கிட்டயே நக்கல் பண்றாரு. போன் மட்டம் சார். நம்ம குரல் மட்டும் பளிச்சுனு விழுது, முக்கியமானது எதுவும் விழ மாட்டேங்குது.

எனக்குக் கேக்குமான்னு கேக்கறீங்க, சரிதானே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நியாயமான கேள்வி. கேக்கும் சார். ஆனா எனக்குக் கேக்கறது ஒரு டீ ஆறற நேரம்தான். அப்புறம் நின்னுடும். எங்க வீட்டம்மாவுக்குத்தான் அரை மணி நேரம் கேக்குது.

ஆமா, அவதான் ஓட்டறா. எனக்கு லைசென்ஸ் இருக்கு, கடை வரைக்கும் ஓட்டுவேன், மத்தபடி பழக்கம் விட்டுப் போச்சு. காலைல எடுத்துட்டு ஆபீஸ் போவா, சாயங்காலம் வருவா. வந்தா? மனுஷங்க வந்தா என்ன பண்ணுவாங்க? வண்டிய நிறுத்திட்டு எறங்கி வீட்டுக்குள்ள வருவாங்க. இவ வரமாட்டா. நாங்க மூணாவது மாடி. பால்கனிலேருந்து பாத்தா கீழ நிக்கற வண்டிக்குள்ள முன்கண்ணாடி வழியா நல்லா தெரியும். வண்டி வரும், நிக்கும், விளக்கு அணையும். கதவு திறக்காது. உள்ள இவ தலையப் பின்னாடி சாச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு சிலையாட்டம் உக்காந்திருப்பா. கண்ணாடி எல்லாம் ஏத்தி, வெந்து போற மாதிரி.

மொத நாள் எனக்கு உயிரே போயிடுச்சு சார். மயக்கம் போட்டுட்டாளோன்னு செருப்பு கூடப் போடாம படி எறங்கி ஓடினேன். கண்ணாடியத் தட்டினேன். கண்ணத் திறந்தா. என்னைப் பாத்தா. அப்புறம் கண்ணாடிய ஒரு விரல் அளவு எறக்கி, "வண்டில ஏதோ சத்தம் வருது. என்னன்னு பாத்துட்டு வர்றேன். நீங்க மேல போங்க"ன்னா. நானும் கேக்கறேனேன்னு உள்ள ஏறப் போனேன். "வேணாம், வேணாம். இது ரெண்டு பேர் இருந்தா கேக்காது"ன்னுட்டா. பாத்தீங்களா கொடுமைய? ஆள் எண்ணிக்கை பாத்து வர்ற சத்தம் சார் இது!

அதுலேருந்து தினமும் இதே கூத்துதான். நான் மேல நின்னுக்கிட்டு சைகை காட்டுவேன். அவ கீழேருந்து விரலக் காட்டுவா, 'இருங்க, இன்னும் கேக்குது'ன்னு. 

எப்பலேருந்தா? அதுதான் சார் எனக்கு விளங்காத மர்மம். வாங்கி இத்தன வருஷம் வாயத் திறக்காத வண்டி. சரியா நான் ரிட்டயர் ஆன மாசம் ஆரம்பிச்சுது. அந்த மாசமேதான்! வீட்டுக்காரன் ரிட்டயர் ஆனா வண்டிக்கும் தளர்ச்சி வரும்னு எந்தப் புஸ்தகத்துலயாவது போட்டிருக்கா? நான் பாக்காத புஸ்தகம் இல்ல. வேலையே நூலகத்துலதான். முப்பது வருஷம் சார், 'ஷ்ஷ்... அமைதி'ங்கறத தவிர வேற வார்த்தையே கிடையாது. பேசறவன வெளிய அனுப்பறதுக்குத்தான் சம்பளம். நானும் பேசக் கூடாது. அப்படியே உள்ளயே அடுக்கி அடுக்கி வெச்சிருந்தது எல்லாம் இப்பதான் ஒண்ணொண்ணா வெளிய வருது. வரட்டுமே, நல்லதுதானே?

ஆனா யாரு இருக்கா கேக்க? அவ காலைல கதவச் சாத்திட்டுப் போனா, வீட்ல நாலு சுவரும் நானும். பொண்ணு வெளியூர்ல. போன் பண்ணினா "அப்பா, மீட்டிங்"னு குசுகுசுன்னு சொல்லுவா. அந்தக் கம்பெனில மீட்டிங்க தவிர வேற வேலையே நடக்காது போல. பேப்பர்காரன் பேப்பர வீசிட்டு ஓடறான். கீழ் வீட்டுக்காரரு என்னைப் பாத்தா லிஃப்ட விட்டுட்டு படியில போறாரு. உடற்பயிற்சியாம்.

அதனால சாயங்காலம் ஆனா எனக்கு ஒரு சந்தோஷம் சார். வெக்கத்த விட்டுச் சொல்றேன். இத்தன வயசுக்கப்புறம் பொண்டாட்டி வர்ற நேரத்துக்காகக் காத்துட்டிருக்கேன். ஒரு நாளைக்கு எவ்ளோ விஷயம் சேருது தெரியுமா? மேல் வீட்டுக்காரங்க நாற்காலிய இழுக்கறது. குழாய்ல தண்ணி நூலாட்டம் வர்றது. லிஃப்ட் கதவு ஒரு தடவைக்கு ரெண்டு தடவ மூடறது. பேப்பர்ல ஒரே செய்தி ரெண்டு பக்கத்துல வந்தது. இதெல்லாம் சொல்லணும்ல? நான் வாசல்லயே நின்னுடுவேன். அவ செருப்பக் கழட்டறதுக்குள்ள குழாய முடிச்சுடுவேன். முகம் கழுவப் போனா குளியலறைக் கதவுக்கு வெளிய நின்னு நாற்காலி விஷயம். உள்ள குழாயப் பெருசா திறந்து விடுவா, நானும் குரல உசத்திக்குவேன். ஒரு வார்த்த விடமாட்டேன். மனுஷி நாள் பூரா வெளிய இருந்துட்டு வர்றா, வீட்ல என்ன நடந்துச்சுன்னு தெரியணும்ல, பாவம்.

ஒரு தடவ கூட முகம் சுளிச்சதில்ல சார். 'ம்... அப்படியா... பதிவு பண்ணிக்கறேன்... சரி பண்ணிடலாம்'னு கேட்டுக்குவா. பழக்கம். அவ மின்சார ஆபீஸ்ல புகார் பிரிவு. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, ஊர்ல இருக்கற அத்தன பேரோட குறையையும் கேக்கணும். கரண்ட் இல்ல, கரண்ட் வந்து போச்சு, பக்கத்து வீட்ல இருக்கு எனக்கு ஏன் இல்ல... ஒருத்தன் முடிச்சா அடுத்தவன். போன வெக்கக் கூடாது, எதுத்துப் பேசக் கூடாது. அந்தக் காதுக்கு எவ்ளோ பயிற்சி பாருங்க! அதனாலதான் நமக்குக் கேக்காத டிக் டிக் எல்லாம் அவளுக்குக் கேக்குதுன்னு நான் நெனச்சேன்.

ஆனா எதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல? எனக்கும் அவளுக்கும் இருக்கறதே சாயங்காலத்துலேருந்து தூங்கற வரைக்கும்தான். அதுல அரை மணியை இந்த வண்டி தின்னுடுது. என் பொழுது சார் அது! இப்பல்லாம் முக்கா மணி கூட ஆகுது. போன வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இந்தச் சனியன வித்துடலாம்னு சொல்லிட்டேன். என் மச்சான் இருக்கான், அவ தம்பி, ரொம்ப நாளா இந்த வண்டி மேல அவனுக்கு ஒரு கண்ணு. இன்னைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னிருக்கான். இவளுக்கு ஆபீஸ் பஸ் இருக்கு. தெருமுனையில எறக்கி விடுவான். நான் தெருமுனைக்கே போய் நின்னுடுவேன். நடந்து வர்ற நேரமும் மிச்சம், அங்கியே ஆரம்பிச்சுடலாம்.

சந்தோஷப்படுவான்னு பாத்தேன் சார். அப்படியே வெளுத்துப் போயிட்டா. கையில இருந்த டம்ளர வெச்சுட்டு, "விக்க வேணாங்க. அந்தச் சத்தம் ஒண்ணும் பண்ணாது. எனக்குப் பழகிடுச்சு"ன்னா. "தினமும் பாதி சாயங்காலம் போகுதே"ன்னேன். "எனக்குன்னு அது ஒண்ணுதாங்க இருக்கு"ன்னா. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. ஒரு பழைய வண்டிக்கு! நான் செத்தா கூட இவ்ளோ கலங்குவாளான்னு சந்தேகம். அதனால போனாப் போகுதுன்னு ஒரு சலுகை குடுத்தேன். இன்னைக்கு நானே வண்டிய எடுத்துட்டு வந்து கடைசியா ஒரு தடவ காட்டறேன், இந்தத் தம்பி சத்தத்த நிறுத்திட்டா வண்டி இருக்கட்டும், நிறுத்தலேன்னா மச்சானுக்குத்தான்னு சொல்லிட்டேன். காலைல அவ பஸ்ல போனா. போகும்போது வண்டியத் தடவிக் குடுத்துட்டுப் போறா சார், பொண்ண மாமியார் வீட்டுக்கு அனுப்பற மாதிரி... 

என்ன சார், மறுபடியும் எழுந்துட்டீங்க? போனா? மணி அடிக்கவே இல்லியே... ஓ, சைலண்ட்ல வந்துச்சா. பேசுங்க, பேசுங்க, இங்கியே பேசலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்... வண்டில எதையோ எடுக்கணுமா? சரி, எடுத்துட்டு வாங்க. அந்த ஹார்ன் கதைய நான் இன்னும் முடிக்கல. ஆட்டுக்குட்டி மாதிரின்னேன்ல, அது எங்க வாட்ச்மேன் காதுல விழுந்து... 

சார்?

உள்ள உக்காந்துட்டாரு. கதவச் சாத்திட்டாரு. கண்ணாடிய வேற ஏத்தறாரு, இந்தப் புழுக்கத்துல. போனையும் காணோம் ஒண்ணையும் காணோம். சார், வெந்து போயிடுவீங்க சார்! காதுல விழல. தலையப் பின்னாடி சாச்சுக்கிட்டாரு. கண்ண மூடிட்டாரு. ரெண்டு கையையும் எடுத்து மடியில... 

...

இவரு வண்டில சத்தம் ஒண்ணும் இல்லியே. விளக்குதானே எரியலேன்னாரு.

...

இதே மாதிரிதான். அச்சு அசல் இதே மாதிரிதான் அவளும்... அந்த நெத்தி. அந்தக் கை. மூணாவது மாடிலேருந்து எத்தன நாள் பாத்திருக்கேன். இவ்ளோ கிட்டக்கப் பாத்ததில்ல. கிட்டக்கப் பாத்தா இது எதையோ உன்னிப்பாக் கேக்கறவங்க மூஞ்சி மாதிரியே இல்ல. யாரும் எதுவும் சொல்லாம இருக்காங்கங்கற நிம்மதியில...

அடக் கடவுளே.

தம்பி... தம்பி, கொஞ்சம் வாங்க. வாய்லேருந்து அந்த போல்ட்ட எடுத்துடுங்க, நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீங்க சொல்லுங்க. ... ஒண்ணும் இல்லியா? எல்லா வண்டியும் பண்றதுதானா? ... ம். ... இரும்பு ஆறுது. ... ம்.

மொத கடைக்காரரும் அதான் சொன்னாரு. எனக்குத்தான் கேக்கல. 

ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி அவ. 'கொஞ்ச நேரம் சும்மா இருங்க'ன்னு. முப்பது வருஷம் ஊருக்கே நான் சொன்ன வார்த்த, எனக்குத் திருப்பிச் சொல்ல அவளுக்கு மனசு வரல. பழியத் தூக்கி வாயில்லாத வண்டி மேல போட்டுட்டா. சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஏன் அப்படிச் சொன்னேன்னு அதையே ஒரு வாரம் பேசியிருப்பேன். எனக்குத் தெரியாதா என்னை. ஊர்க்குறையெல்லாம் கேட்டுட்டு வர்றவள வாசல்லயே மறிச்சு, குழாய், நாற்காலி, லிஃப்டுன்னு... பதிவு பண்ணிக்கறேன்னு சொல்லுவா தம்பி என்கிட்ட. புருஷன்கிட்ட சொல்ற வார்த்தையா அது? ஆபீஸ்ல எடுக்கற புகார் போன்ல ஒண்ணுதான் நானும். வெக்கமா இருக்கு. சிரிப்பும் வருது. 

இருங்க, ஒரு போன். ... மச்சான், நான்தான். வண்டி குடுக்கல. வர வேணாம். ... ஆமா, அவ்ளோதான். ... இல்லப்பா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். வெக்கறேன்.

பயந்துட்டான்.

தம்பி, எங்க வீட்டம்மா போன் பண்ணி என்ன ஆச்சுன்னு கேட்டா, சத்தம் இருக்குன்னு சொல்லணும். நிறுத்த முடியாது, ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனா தினமும் வண்டிய அணைச்சதும் உள்ள உக்காந்து காது குடுத்துக் கேக்கறது வண்டிக்கு நல்லதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும், நீங்கதான் அதிகம் பேசாத ஆளு. நான் பால்கனிக்கு வர மாட்டேன். வாசல்ல நிக்க மாட்டேன். உள்ள உக்காந்திருப்பேன். அவ எவ்ளோ நேரம் கழிச்சு வந்தாலும் அவளா ஏதாவது கேக்கற வரைக்கும்... முயற்சி பண்றேன் தம்பி. ஒரேயடியா நம்பாதீங்க, முயற்சி பண்றேன்.

அந்தச் சாருக்கு விளக்க மெதுவா மாத்துங்க. அவசரம் இல்ல. கண்ணாடியத் தட்டாதீங்க, அவரா எறங்கி வரட்டும்.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. கடைசி. அந்த ஃபேன் இருக்குல்ல, அணைச்சப்புறமும் உர்ருனு தானா ஓடி நிக்குதே, அது இன்னும் கொஞ்ச நேரம் கூட ஓடற மாதிரி பண்ண முடியுமா? ... பேட்டரி எறங்கிடுமா? 

எறங்கட்டும் தம்பி. வேற போட்டுக்கலாம். நீங்க ஓட விடுங்க.